பேச்சைக் குறைத்துக் கதைப்பது எப்படி? வீட்டு மனிதரோடு மனம் விட்டுக் கதைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து வந்த ஒருவரிடம் "நேற்று அப்பா என்னைப் பேசிப்போட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். "என்ன பேசினார்?" என்று ஆர்வமாகக் கேட்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் அப்படிக் கேட்கமாட்டார், "ஐயோ, ஏன்?" என்பார். எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. இரண்டு பேர் இருந்து சாதாரணமாக உரையாடினால் அதற்குப் பெயர் கதைப்பது.

பல வீடுகளில் பேச்சுக்குக் குறைவில்லை, கதைதான் இல்லை. பெரிய சண்டை என்று ஒன்றும் நடக்காது. மூன்று நேரமும் சாப்பாடு வரும், பிள்ளையின் ரியூசன் காசு தவறாது, திருவிழாவுக்குப் புது உடுப்பு வரும். ஆனால் அந்த வீட்டில் ஒருவருக்கு இரவில் நித்திரை வராமல் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இந்த வழிகாட்டி அப்படியான வீடுகளுக்கு. படிகளை எண் போட்டு எழுதியிருக்கிறேன். ஆனால் முதல் இரண்டையும் தவிர மற்றவற்றை உங்கள் தேவைப்படி மாற்றி எடுக்கலாம்.

தொடங்குமுன்: இந்த மௌனம் எங்கிருந்து வந்தது

எங்கள் ஆட்கள் இயல்பிலேயே வாய் திறக்காதவர்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கலியாண வீட்டுப் பந்தலில் பத்து நிமிடம் இருந்து பார்த்தால் அது பொய் என்று தெரியும். சொந்தக் கவலையைச் சொல்லும் இடத்தில்தான் வாய் பூட்டுகிறது.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. யார் யாருக்கு என்ன சொல்வார் என்று தெரியாத காலத்தில் வளர்ந்தவர்கள் இன்றைய அப்பா அம்மாமார். "ஆர் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு" என்பது அவர்கள் சின்ன வயதில் படித்த முதல் பாதுகாப்புப் பாடம். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டும் அல்லாமல் முழுச் சமூகத்தையுமே காயப்படுத்தியதை 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் விவரித்தார். நம்பிக்கையின்மை, சந்தேகம், எல்லோரும் சேர்ந்து காக்கும் மௌனம் ஆகியவற்றை அந்தக் காயத்தின் அடையாளங்களாக அவர் குறித்தார். அன்று வாயை மூடியிருந்தது உயிரைக் காத்தது. 2009இல் போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. அதனால் உங்கள் அப்பா ஒன்றும் சொல்லாமல் விறாந்தையில் இருந்தால், அவருக்கு உங்கள் மேல் பாசமில்லை என்று முடிவெடுக்க அவசரப்படாதீர்கள்.

உடம்பும் இதில் சேர்ந்தது. அமெரிக்காவில் ஜனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற ஆய்வாளர் 42 தம்பதிகளின் கையில் சிறு கொப்புளக் காயம் உண்டாக்கி, அது ஆறும் வேகத்தைப் பார்த்தார். 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஒருவர்மேல் ஒருவர் கடுமையாக எரிந்து விழுந்த தம்பதிகளுக்குக் காயம் ஆறிய வேகம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ 60 வீதம்தான். வீட்டில் விழும் சொல் தோலில் தெரிகிறது என்றால் மனதில் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

படி 1: ஒரு கிழமை சும்மா கவனியுங்கள்

எதையும் மாற்றவேண்டாம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் நீங்கள் சொல்லும் வசனங்களை மட்டும் கவனியுங்கள். "எழும்பு." "குளிச்சிட்டியோ?" "படிச்சியோ?" "போனை வைச்சிட்டுப் படு." நான் என் மகனுக்கு ஒரு நாளில் சொன்னதை எண்ணிப் பார்த்தபோது, கட்டளையும் விசாரணையும் போக மிஞ்சியது ஒரே ஒரு வசனம். அதுவும் மழை வரப்போகுது என்பது.

"சாப்பிட்டியோ?" என்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கள் ஊரில் அது கேள்வியே இல்லை. "உன்னில எனக்கு அக்கறை இருக்கு", "நேற்றுப் பேசினதுக்கு மனவருத்தம்", "நீ வந்தது சந்தோசம்" எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். அம்மாமார் புட்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டே சமாதானம் கேட்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் அதோடு மட்டும் நின்றுவிட்டால், வெளிநாட்டில் தனி அறையில் இருக்கும் பிள்ளைக்கு எதைப் பரிமாறுவது?

இன்னொன்றையும் பாருங்கள்: யார் யாரோடு நேரே கதைப்பதில்லை? "அப்பாட்டைச் சொல்லு, அரிசி முடிஞ்சுதாம்" என்று அம்மா உங்களிடம் சொல்லும்போது அப்பா மூன்றடி தூரத்தில் இருக்கிறாரா? குறித்து வையுங்கள். பிறகு வருகிறேன்.

படி 2: இடமும் நேரமும்

எதிரெதிரே கதிரை போட்டு இருந்து மனம் திறப்பது தொலைக்காட்சி நாடகத்துக்குச் சரி. நிஜத்தில் எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே பார்த்துக் கனமான விசயம் சொல்ல வராது. பக்கத்துப் பக்கத்தில் இருந்து, கையில் ஒரு வேலையோடு இருக்கும்போது வரும்.

1995 ஒக்ரோபர் இறுதியில், போரால், யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டுக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்ததை என் அம்மா எங்களுக்குச் சொன்னதே இல்லை. கேட்டால் "அதை ஏன் இப்ப?" என்பார். ஒரு நாள் நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் அம்மம்மாவின் கையை விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் தேடியதைத் துருவலையிலிருந்து தலை நிமிராமல் சொல்லி முடித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, கீரையையும் வைக்கவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கிணற்றடி, பூக்கண்டுக்குத் தண்ணீர் விடும் நேரம், பின்னேரம் பண்ணைக் கடற்கரையில் நடக்கும் நேரம், நல்லூரிலிருந்து வீட்டுக்கு நடந்து திரும்பும் நேரம் எல்லாம் நல்லவை. மோட்டார் சைக்கிள் கூடாது, பாதி காதில் விழாது. விழுந்த பாதியில்தான் சண்டை வரும். வேலையால் வந்து சேட்டுக் கழற்றுமுன், பசியோடு இருக்கும்போது, விருந்தாளி முன்னால், பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஆகிய நேரங்களில் தொடங்கவேண்டாம்.

"உங்களோட ஒண்டு கதைக்கவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கேட்டவருக்கு இரவு வரை வயிறு கலங்கும். விசயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "இஞ்சருங்கோ, தங்கச்சியின்ர படிப்பைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பம், சாப்பிட்டாப்பிறகு." இதில் நேரம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, பயமுறுத்தல் இல்லை.

படி 3: முதல் வசனத்தை யோசித்து வையுங்கள்

ஒரு கதை எப்படி முடியும் என்பது பெரும்பாலும் அது தொடங்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். கணவன் தொடர்ந்து பிந்தி வருகிறார் என்று வைப்போம். "உங்களுக்கு எப்பவும் சிநேகிதர்மார்தான் பெரிசு, வீடு எண்டு ஒண்டு இருக்கிறதே நினைவில்லை" என்று தொடங்கினால், அவர் உடனே போன கிழமை இரண்டு நாள் நேரத்துக்கு வந்ததைச் சாட்சிக்கு இழுப்பார். கதை கணக்கு வழக்காகிவிடும். "எப்பவும்", "ஒருநாளும்" என்ற இரண்டு சொல்லையும் விட்டாலே பாதிச் சண்டை குறையும்.

அதையே இப்படிச் சொல்லலாம்: "இந்தக் கிழமை மூண்டு நாள் ஒன்பது மணிக்குப் பிறகு வந்தனியள். ஒரு போனும் இல்லாமல் இருக்க எனக்கு நெஞ்சு பதறுது. பிந்தும் எண்டால் ஒரு மெசேச் போட்டுவிடுங்கோ." நடந்தது என்ன, அது எனக்கு என்ன செய்தது, எனக்கு என்ன வேண்டும். மூன்றே துண்டு. தோமஸ் கோர்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் "நான்" என்று தொடங்கும் வசனங்களைப் பெற்றோருக்குக் கற்பித்தார். தமிழில் எங்களுக்கு அதைவிட வசதியான ஒன்று உண்டு, "எனக்கு." எனக்குப் பயமா இருக்கு, எனக்குக் கவலையா இருக்கு, எனக்கு விளங்கேல்லை. இதில் எவர்மேலும் பழி இல்லை. ஆனால் "நீங்கள் ஒரு சுயநலக்காரர் எண்டு எனக்குத் தோணுது" என்பது வேடம் போட்ட ஏச்சு. எல்லாருக்கும் அது விளங்கும்.

யாழ்ப்பாணத் தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எங்களிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. மனைவியை "நீர்" என்று கதைத்து வரும் கணவன், கோபத்தில் ஒருதரம் "நீ" என்று இறங்கினால், அதற்குப் பிறகு சொன்ன விசயம் எதுவும் அவளுக்குக் கேட்காது. அந்த "நீ" மட்டும் கேட்கும். ஒரு கிழமைக்குப் பிறகும் கேட்கும். சண்டை முழுக்க வழமையான படியிலேயே நில்லுங்கள். குரல் உயர்ந்தாலும் பரவாயில்லை, படி இறங்கக்கூடாது. எதிர்ப்பக்கமும் உண்டு: வழமையாக "நீ" என்னும் அம்மா திடீரென "நீங்கள் பெரிய ஆள்தானே" என்றால் அதுவும் குத்துத்தான்.

நக்கலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படியை முடிக்க முடியாது. எங்கள் ஊரின் பெருமைகளில் ஒன்று அது. வாசிகசாலையடியில் நல்லாயிருக்கும், சிநேகிதருக்குள் நல்லாயிருக்கும். வீட்டுக்குள் வந்தால் நஞ்சு. தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆய்வுகூடத்தில் வைத்துக் கவனித்த ஜோன் கொட்மன், உறவைக் கெடுக்கும் நான்கு பழக்கங்களைக் குறித்தார்: ஆளைக் குறை சொல்வது, இளக்காரம் செய்வது, எதற்கும் தன் பக்கம் நியாயம் கட்டுவது, சுவர் போல் மௌனமாவது. இவற்றில் பிரிவை மிகத் தெளிவாக முன்கூட்டிக் காட்டியது இளக்காரம்தான். முதல் தரம் சமைத்த பிள்ளையிடம் "உதென்ன, சொதியோ கடல்தண்ணியோ?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் சிரிப்பது பகிடி என்று நினைக்கிறோம். பிள்ளையும் சிரிக்கும். அடுத்த முறை அடுப்படிக்கு வராது. ஓ.எல். முடித்த மகனிடம் "முன்வீட்டுப் பெடியன் 9ஏ, நீர் என்ன கிழிச்சனீர்?" என்று கேட்பதும் அதே வகைதான், பகிடி கூட இல்லாத வகை.

படி 4: கேட்பது

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். எங்களுக்குக் கேட்கத் தெரியாது என்றில்லை. கேட்டு முடியுமுன் புத்தி சொல்லிவிடுகிறோம். அப்புறம் எங்கள் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு பெண்பிள்ளை வந்து "அம்மா, எனக்கு கம்பஸுக்குப் போகவே மனமில்லாமல் இருக்கு" என்கிறாள். வீட்டில் வரக்கூடிய பதில்களைப் பாருங்கள். "உனக்கென்ன குறை? நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள்." "விளக்கு வெளிச்சத்தில படிச்சு வந்த எங்களுக்கு வராத கஷ்டமே?" சொல்பவர் பொய் சொல்லவில்லை. குப்பி விளக்கும் பதுங்குகுழியும் உண்மையாக இருந்தவை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது என்ன சொல்கிறது? உன் துயரம் போதிய அளவு பெரிதில்லை, பெரிதாக்கிக்கொண்டு வா என்கிறது. போர் பார்த்த தலைமுறையோடு எவருடைய கவலையும் போட்டிக்கு நின்று வெல்லமுடியாது. ஆகவே பிள்ளைகள் போட்டியை விட்டு விலகிக்கொள்கிறார்கள். அதைத்தான் நாங்கள் "இந்தக் காலத்துப் பிள்ளையள் ஒண்டும் சொல்லுதுகளில்லை" என்கிறோம்.

வேறு எப்படிக் கேட்பது? முதலில், அவள் சொன்னதையே கொஞ்சம் மாற்றித் திருப்பிச் சொல்லுங்கள்: "போகவே மனமில்லையோ? எப்ப தொடக்கம்?" அவ்வளவுதான். பிறகு பொறுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடம், அவள் அதற்குள் சொல் தேடிக்கொண்டிருக்கிறாள். "ஏன்?" என்று கேட்கவேண்டாம், அது விசாரணைக் கூண்டு. "என்ன நடந்தது?", "அப்ப உமக்கு எப்பிடி இருந்தது?" நல்லது. கடைசியில் ஒரு கேள்வி, இதை மனப்பாடம் செய்து வைக்கலாம்: "நான் இப்ப கேட்டால் காணுமோ, இல்லை ஏதும் யோசனை சொல்லவேணுமோ?" முதல் தரம் இதை என் மனைவி என்னிடம் கேட்டபோது சிரிப்பு வந்தது, அலுவலகப் படிவம் மாதிரி இருந்தது. ஆனால் நான் "கேட்டால் காணும்" என்றேன், அவர் கேட்டார். அரை மணித்தியாலத்தில் இரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

வயதானவர்களிடம் கேட்கும்போது ஒன்று கவனிக்கவேண்டும். அவர்கள் மனக்கவலையை மனக்கவலை என்று சொல்லமாட்டார்கள். தலையிடி, நெஞ்சுக்குள் ஏதோ செய்யுது, உடம்பெல்லாம் உளைவு என்று வரும். மருத்துவரிடம் காட்டுவதைக் காட்டுங்கள், நெஞ்சு நோவை மனக்கவலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதோடு சேர்த்து, "இரவில என்ன யோசிச்சுக்கொண்டு படுக்கிறனியள்?" என்றும் கேளுங்கள்.

படி 5: சூடேறினால்

சண்டை உச்சத்துக்குப் போகும்போது நெஞ்சு படபடக்கும், காது அடைக்கும். கொட்மனின் கணக்கில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் மனிதரால் புதிதாக எதையும் உள்ளே எடுக்க முடியாது, உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். அந்த நேரம் நியாயம் கதைத்துப் பயனில்லை.

விலகிப் போங்கள். ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்: "எனக்கு இப்ப சரியான கோவம். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு எட்டு மணிக்கு வாறன்." நேரம் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் அது தண்டனை. அந்த 20 நிமிடமும் "அவன் அப்பிடிச் சொன்னான், நான் இப்பிடிச் சொல்லியிருக்கவேணும்" என்று மனதுக்குள் இரண்டாம் பாகம் ஓட்டினால் சூடு தணியாது. முற்றத்தைக் கூட்டுங்கள், குளியுங்கள், பாட்டுக் கேளுங்கள். எட்டு மணிக்கு வந்துவிடுங்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 6: தூதை நிறுத்துங்கள்

முதல் படியில் குறித்து வைத்தது இங்கே. அம்மாவும் அப்பாவும் பிள்ளை ஊடாகக் கதைப்பது எங்களிடம் பகிடிக்குரிய விசயம் போலத் தோன்றும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது பகிடி இல்லை. எந்த வசனத்தை எந்தக் குரலில் கொண்டுபோனால் யார் வெடிப்பார் என்று அது நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். தூது வந்தால் மென்மையாகத் திருப்பி அனுப்புங்கள்: "அம்மாவையே வந்து சொல்லச் சொல்லு ராசா, நான் ஒண்டும் சொல்லமாட்டன்." நீங்கள் பிள்ளையாக இருந்தால், "நீங்களே கேளுங்கோ அம்மா, அப்பா உதிலதான் இருக்கிறார்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மருமகன்மாருக்கும் ஒரு வார்த்தை. மாமியார் வீட்டில் மருமகள் படும் பாட்டைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் தொடங்கி இன்றுவரை, வீடு வளவு மகளுக்குச் சீதனமாகப் போவது இங்கே வழமை. ஆகவே கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பது சாதாரணம். மாமி ஊற்றிய தேத்தண்ணீரில் சீனி கூட என்று சொல்ல முடியாமல் பதினைந்து வருடம் குடித்த மனிதரை எனக்குத் தெரியும். அவர் மனைவியிடம் குறை சொல்ல, மனைவி தாயிடம் சொல்ல, தாய் அதை வேறு விதமாக விளங்கிக்கொள்ள, சீனி கடைசியில் சீதனப் பிரச்சினை வரை போனது. சின்ன விசயத்தை நேரே, முதல் கிழமையிலேயே சொல்லிவிடவேண்டும்: "மாமி, எனக்கு அரைக் கரண்டி காணும்."

படி 7: கடல் கடந்த போன்

ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ சூரிச்சிலோ இருக்கிறார். முன்பு ஒரு அழைப்புக்காக கொமினிக்கேசன் கடையில் வரிசையில் இருந்தோம். மூன்று நிமிடத்தில் முக்கியமானதைச் சொல்லி முடித்தோம். இப்போது நாள் முழுக்க வட்ஸ்அப் இருக்கிறது, முக்கியமானது மட்டும் வருவதில்லை. அங்கிருப்பவர் இரண்டு வேலை செய்து முதுகு நோவதை மறைக்கிறார். இங்கிருப்பவர் கண் சத்திரசிகிச்சையை மறைக்கிறார். "எல்லாரும் சுகம்." "இஞ்சயும் சுகம்." பிறகு ஊர்க்காரர் ஒருவர் வழியாக உண்மை போய்ச் சேரும்போது, மறைத்த கோபம் நோயைவிடப் பெரிதாகிறது.

நேரத்தை நிலையாக வையுங்கள். யாழில் இரவு 8 மணி என்றால் லண்டனில் கோடையில் பிற்பகல் 3.30, மாரியில் 2.30. ரொறன்ரோவில் காலை 10.30, மாரியில் 9.30. சனி, ஞாயிறில் இது இரண்டு பக்கமும் கூடிவரும். காசுக் கதையும் மனக் கதையும் ஒரே அழைப்பில் வேண்டாம். "போன் வந்தால் காசுக்குத்தான்" என்ற எண்ணம் அங்கும், "காசனுப்பினால் காணும் எண்டு நினைக்கிறான்" என்ற எண்ணம் இங்கும் வளர்ந்துவிடும். கெட்ட செய்தி என்றால் முழுவதையும் ஒரே தரம் சொல்லுங்கள், என்ன செய்திருக்கிறோம் என்பதையும் சேர்த்து: "அப்பாவுக்குச் சுகர் கூடியிருக்கு, நேற்று ஆசுப்பத்திரியில காட்டினாங்கள், மருந்து மாத்தித் தந்திருக்கினம், இப்ப நடமாடுறார்." தொலைவில் இருப்பவருக்கு அரைச் செய்தி முழு இரவு நித்திரையைப் பறிக்கும்.

படி 8: நல்லதையும் சொல்லுங்கள்

நாவூறு பட்டுவிடும் என்று பிள்ளையைப் புகழாத ஊர் இது. உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. புகழ்ந்துவிட்டுச் சுற்றுங்கள். பிள்ளை ஓட்டப் போட்டியில் இரண்டாமிடம் என்று வந்தால் "முதலாமிடம் ஆர்?" என்பதை அன்று மட்டும் விழுங்கிவிட்டு, "எப்பிடி ஓடினனீ, சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள்.

படி 9: கதைத்துத் தீராதவை

மேலே சொன்னது எதுவும் அடிக்குப் பொருந்தாது. அடிக்கிற கணவனிடம் மென்மையான முதல் வசனம் தேடிக்கொண்டிருக்கவேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் முதல் வேலை. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 119.

யாராவது "இருந்து என்ன பிரியோசனம்", "நான் போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்று சொன்னால் பகிடியாக எடுக்காதீர்கள். நேரே கேளுங்கள்: "செத்துப்போகவேணும் எண்டு யோசிக்கிறீரோ?" கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். அப்படிக் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தனியே விடாதீர்கள், மருந்தையும் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியையும் எட்டாத இடத்தில் வையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலச் சிகிச்சை உண்டு. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். "விசர் எண்டு ஊர் சொல்லும்" என்ற பயத்தில்தான் பலர் போவதில்லை. ஊர் எப்படியும் ஏதாவது சொல்லும்.

வீட்டில் ஒருவர் மனநோய்க்கு மருந்து எடுக்கிறார் என்றால் இது இன்னும் முக்கியம். லண்டனில் ஜோர்ஜ் பிரவுனும் சகாக்களும், மனச்சிதைவு நோயோடு ஆசுப்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஓயாமல் குறை சொல்லும் வீடுகளுக்குப் போனவர்களுக்கு நோய் திரும்பியது கூட என்பதைக் கண்டார்கள். அதற்காகக் குடும்பந்தான் நோயைக் கொண்டுவந்தது என்று எடுக்கவேண்டாம். மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள், "எத்தினை நாளைக்குப் படுத்திருக்கப் போறாய்?" என்பதைக் கொடுக்காதீர்கள்.

படி 10: பழைய கோவம்

யாழ்ப்பாணத்தில் கோவம் ஓர் உணர்ச்சி மட்டுமில்லை, ஓர் உறவுநிலை. "அவையளோட நாங்கள் கோவம்" என்றால் கதை பேச்சில்லை, கலியாண வீட்டுக்கு அழைப்பில்லை, கிணற்றடியில் கண்டால் முகம் திருப்புவது என்று பொருள். பெரும்பாலும் ஒரு முழக் காணி, வேலி அரக்கியது, ஒரு பொதுக் கிணறு. தொடக்கிய காரணம் பாதிப்பேருக்கு மறந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அது சித்தப்பா வீட்டோடு, பதினொரு வருடம், கிழக்கு வேலி. அப்பா இருக்கும்வரை தீரவில்லை. "நல்லதுக்குப் போகாட்டிலும் கெட்டதுக்குப் போகவேணும்" என்ற முறைப்படி செத்த வீட்டுக்குச் சித்தப்பா வந்தார், தலைமாட்டில் நின்றார், தேத்தண்ணீர் குடிக்காமல் போனார். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கும் வந்தார். அன்றைக்கு நான் செய்த தவறு, பந்தலுக்குள் எல்லார் முன்னாலும் "நீங்கள் ஏன் அப்பாவோட கதைக்கேல்லை?" என்று கேட்டது. அதோடு இன்னும் எட்டு மாதம் போனது.

பிறகு படித்துக்கொண்டவை இவை. பழைய கோவத்தைத் தீர்க்க முதலில் பழைய விசயத்தை எடுக்கவேண்டாம். பாரமில்லாத, மறுக்க இலகுவான, சாட்சி இல்லாத ஒரு செயலோடு தொடங்குங்கள். மற்றவர் கண்டுகொள்ளாமல் விட்டாலும் அவருக்கு அவமானமில்லாமல் இருக்கவேண்டும். நடுவில் ஆள் வைப்பதென்றால் இரண்டு வீட்டுக்கும் வேண்டிய மூத்த பெண் ஒருவர் நல்லது. எங்கள் அனுபவத்தில் ஆண்கள் நியாயம் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். காணி விசயம் உண்மையாகவே இருந்தால் அதை நில அளவையாளரிடமும் காணி உறுதிப் பத்திரத்திடமும் விடுங்கள், உறவின் கதையில் கலக்கவேண்டாம். மன்னிப்பு என்ற சொல்லுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், எங்கள் முந்திய தலைமுறை வாயில் அந்தச் சொல் இல்லை.

நான் செய்தது இதுதான். முருங்கை காய்த்த நேரம் ஒரு கட்டுப் பிடுங்கி, காலையில் ஆளில்லாத நேரம் வேலிப் பொட்டுக்கு மேலால் வைத்து, "சித்தி, முருங்கைக்காய் வைச்சிருக்கு" என்று குரல் மட்டும் கொடுத்தேன். பதில் வரவில்லை. பின்னேரம் பார்த்தபோது கட்டு இல்லை. நான்கு நாள் கழித்து அதே இடத்தில் ஒரு பையில் பாதிப் பலாப்பழம் இருந்தது, சுளை வேறு பால் வேறாகத் துப்புரவாக்கி. அடுத்த கிழமை சித்தப்பா படலையடியில் நின்று, என்னைப் பார்க்காமல் முருங்கையைப் பார்த்துக்கொண்டு, "மயிர்க்கொட்டி பிடிச்சிருக்குப் போல, கொப்பை வெட்டிவிடு தம்பி" என்றார்.

"ஓம் சித்தப்பா" என்றேன். கத்தியை அவரே கொண்டுவந்தார்.